அக்டோபர் சொல்லும் பொய்

2023 அக்டோபர் முடிந்த அன்று, கடை வைத்து நேரடியாகவும் விற்கும் ஒரு சிவகாசிப் பட்டாசு நிறுவனம் தன் கம்ப்யூட்டரிடம் ‘போன அக்டோபருக்கு இந்த அக்டோபர் எப்படி?’ என்று கேட்டதாக வைத்துக்கொள்வோம். விற்பனை பாதாளத்துக்குப் போய்விட்டது என்று பதில் வரும். கூட்டலில் பிழை இருக்காது. ஒரு பில்லும் விடுபட்டிருக்காது. ஆனாலும் பதில் தப்பு. 2022இல் தீபாவளி அக்டோபர் 24. 2023இல் நவம்பர் 12. முந்தைய ஆண்டு அக்டோபர் முடிவதற்குள் வெடித்து முடித்து, காகிதக் குப்பையைக்கூடக் கூட்டி அள்ளியாயிற்று. அடுத்த ஆண்டு அதே மாதக் கடைசியில் தீபாவளிக்கு இன்னும் 12 நாள் பாக்கி. கடையில் கூட்டம் நிற்கவேண்டிய நாட்களே இனிமேல்தான்.

சந்திரனை வைத்துக் கணிக்கும் பண்டிகை சூரிய நாட்காட்டியில் ஓரிடத்தில் நிற்காது. ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். இடையில் ஓர் அதிக மாதம் நுழைந்ததும் 19 நாள் அளவுக்குப் பின்னால் தள்ளிப் போகும். 2020 நவம்பர் 14, 2021 நவம்பர் 4, 2022 அக்டோபர் 24 என்று படிப்படியாக முன்னேறி வந்த தீபாவளி 2023இல் பின்னுக்குப் போய், 2024 அக்டோபர் 31, 2025 அக்டோபர் 20 என்று மறுபடி முன்னே வந்தது. இதைச் சிவகாசியில் எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் யாரும் சொல்லித்தர வேண்டாம். கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தர வேண்டும். அதை எங்கே, எந்த வடிவில் சொல்லிவைப்பது என்று முன்கூட்டி யோசிப்பதுதான் தரவுக் கிடங்கைத் திட்டமிடும் வேலையில் பெரும்பகுதி.

தீர்வு பார்வைக்கு மிகச் சிறியது. தேதிகளுக்கென்று தனியாக ஓர் அட்டவணை. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. அதில் ஆங்கில மாதம், நிதியாண்டு, கிழமை ஆகியவற்றோடு ‘தீபாவளிக்கு எத்தனை நாள் முன்’ என்று ஒரு பத்தி. 2022 அக்டோபர் 10ஆம் தேதிக்கு அதில் 14 என்று இருக்கும். 2023இல் அதே 14 அக்டோபர் 29ஆம் தேதிக்கு வரும். இனிமேல் அக்டோபரோடு அக்டோபரை ஒப்பிடாமல் பதினான்காம் நாளோடு பதினான்காம் நாளை ஒப்பிடலாம். இன்னும் கொஞ்சம் அக்கறை உள்ளவர்கள் சம்பளத் தேதி முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்று ஒரு பத்தியும், வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதா என்று ஒரு பத்தியும் சேர்ப்பார்கள். அக்டோபர் 24 தீபாவளிக்கு மாதச் சம்பளக்காரர் கையில் போன மாதத்துப் பணத்தின் மிச்சம்தான் இருக்கும். நவம்பர் 12 தீபாவளிக்குப் புதுச் சம்பளம் இருக்கும், கூடவே மழையும் இருக்கும்.

பில் போடும் மென்பொருளிலேயே இதையெல்லாம் செய்துவிடக் கூடாதா என்று கேட்கலாம். விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் பெரும்பாலான ஆபீஸ்களில் டேலியோ அதுபோன்ற ஒன்றோ ஓடுகிறது. அந்த மென்பொருளின் பிறவிக் குணம் வேறு. ஒரு பில் வேகமாகப் போட வேண்டும், பாக்கி சரியாக நிற்க வேண்டும், தப்பாகப் போட்டால் திருத்த முடிய வேண்டும். இன்றைய நிலை என்ன என்பதே அதன் கவலை. வாடிக்கையாளர் விலாசம் மாறினால் பழையதை அழித்துப் புதியதை எழுதிவிடும். நேற்று என்னவாக இருந்தது என்று அதற்கு நினைவு இருக்கவேண்டிய அவசியமில்லை. சீசனில் லாரிகள் வரிசையில் நிற்கும்போது, முதலாளி ஐந்து ஆண்டு விற்பனையை ஊர்வாரியாகக் கேட்டால் பில் போடும் கணினி திணறும். பட்டாசு ஆலையில் மருந்துக் கலவை அறையையும் சரக்கு வைக்கும் மேகசினையும் தள்ளித் தள்ளிக் கட்ட விதி இருப்பது ஒன்றில் கோளாறு வந்தால் மற்றதைத் தொடக்கூடாது என்பதற்காக. பில்லும் ஆய்வும் தனித்தனி இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்கும் ஏறக்குறைய அதே காரணம்தான்.

இந்த யோசனைக்கு ஒரு வயது உண்டு. 1988இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்விதழில் பேரி டெவ்லினும் பால் மர்ஃபியும் நிறுவனத்தின் தகவலுக்கென்று தனிக் கிடங்கு வேண்டும் என்று எழுதினார்கள். பில் இன்மன் என்ற அமெரிக்கர் அதற்கு இலக்கணம் வகுத்தார்: கிடங்கில் இருப்பது பொருள்வாரியாகத் தொகுக்கப்பட வேண்டும், பல இடங்களிலிருந்து வந்தாலும் ஒருமைப்பட்டிருக்க வேண்டும், காலக்குறிப்போடு இருக்க வேண்டும், ஒருமுறை வைத்ததை மாற்றக்கூடாது. ரால்ஃப் கிம்பால் 1996இல் வெளியிட்ட நூலில் இன்னொரு வழியைக் காட்டினார். முழு நிறுவனத்துக்கும் ஒரே மாளிகை கட்டிவிட்டு உள்ளே போகலாம் என்று இன்மன் சொல்ல, ஒவ்வொரு வியாபார நடவடிக்கையாக எடுத்துச் சிறிது சிறிதாகக் கட்டலாம், ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவான பெயர்ப் பட்டியல்களை முதலிலேயே ஒத்துக்கொள்ளுங்கள் என்றார் கிம்பால். இந்தச் சண்டை பல ஆண்டுகள் நடந்தது. சிவகாசி அளவிலான நிறுவனத்துக்கு எது என்று என்னைக் கேட்டால் தயங்காமல் கிம்பால் என்பேன். மாளிகை கட்டி முடிவதற்குள் மூன்று தீபாவளி போய்விடும்.

கிம்பால் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி மிக எளிது: உங்கள் அட்டவணையில் ஒரு வரி என்றால் என்ன? ஒரு நாளின் விற்பனையா, ஒரு பில்லா, பில்லுக்குள் இருக்கும் ஒரு சரக்கா? இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் பின்னால் எந்தக் கேள்விகளைக் கேட்க முடியும், எவற்றைக் கேட்கவே முடியாது என்பதைத் தீர்மானிக்கிறது. பொடியாக எழுதிவைத்ததைக் கூட்டி மொத்தம் காணலாம். மொத்தமாக எழுதிவைத்ததிலிருந்து பொடியைத் திரும்ப எடுக்க எந்தக் கணிதமும் இல்லை. இடம் மிச்சமாகும் என்று நாள் மொத்தத்தை மட்டும் வைத்துக்கொண்ட நிறுவனத்தில், ‘புஸ்வாணம் அதிகம் வாங்குகிற ஊர்க்காரர்கள் கம்பி மத்தாப்பும் அதிகம் வாங்குகிறார்களா?’ என்று இரண்டு ஆண்டு கழித்து ஒருவர் கேட்டால் கைவிரிக்க வேண்டியதுதான். கணினியில் சேமிக்கும் செலவு இன்று மிகக் குறைவு. ஆகவே பில்லின் ஒவ்வொரு வரியும் கிடங்கில் ஒரு வரியாகட்டும் என்பதே பொதுவாக நல்ல முடிவு.

மொத்தத்தைச் சொல்லும் கலை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. விருதுநகர் சந்தை நிலவரம் வாராவாரம் தமிழ்ப் பத்திரிகைகளில் வருவது எத்தனையோ மளிகைக் கடைக்காரர்களின் வழக்கமான வாசிப்பு. அதைக் கவனித்துப் படித்தால் ஒன்று தெரியும். எண்ணெய்க்கு விலை 15 கிலோ டின்னுக்கு. பருப்புக்கு 100 கிலோ மூடைக்கு. எந்த அளவுக்கு இந்த விலை என்று சொல்லாமல் ஒரு எண்கூட அதில் அச்சாவதில்லை. கணினியில் செய்யப்படும் அறிக்கைகள் பலவற்றில் இந்த ஒழுக்கம் இல்லை. ‘விற்பனை 4,200’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கேஸா, பாக்கெட்டா, ரூபாய் ஆயிரத்திலா என்று பக்கத்து அறைக்குப் போய்க் கேட்க வேண்டும்.

பட்டாசில் இந்த அளவுச் சிக்கல் கொஞ்சம் கூடுதல். ஒரே பில் வரியை மூன்று பேர் மூன்று அளவில் கேட்கிறார்கள். லாரிக்காரருக்கு எத்தனை கேஸ் என்று வேண்டும். வரிக்காரருக்கு எத்தனை ரூபாய். பெசோ என்று சுருக்கமாகச் சொல்லப்படும், நாக்பூரில் தலைமையகம் கொண்ட பெட்ரோலிய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புக்கு எத்தனை கிலோ. ஏனென்றால் உரிமம் கிலோ கணக்கில். குருவி வெடிக் கேஸும் சங்கு சக்கரக் கேஸும் அட்டைப்பெட்டி என்ற வகையில் ஒன்றாக இருக்கலாம், உள்ளே இருக்கும் பாக்கெட் எண்ணிக்கையும் மருந்து எடையும் ஒன்றல்ல. எனவே ஒரு வரியில் மூன்று அளவும் நிற்க வேண்டும். பிறகு கிஃப்ட் பாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. விற்கும்போது அது ஒரு சரக்கு. இருப்பில் குறையும்போது அதுவே இருபது முப்பது சரக்கு. விற்பனை அறிக்கையில் அதை ஒன்றாக எண்ணி, இருப்பு அறிக்கையில் பிரித்து எண்ண வழி செய்யாவிட்டால், சீசன் நடுவில் லட்சுமி வெடி எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

எண்களிலும் கூட்டக்கூடியவை, கூட்டக்கூடாதவை என்று வகை உண்டு. விற்ற கேஸைக் கூட்டலாம்: ஊர்வாரியாக, நாள்வாரியாக, ஏஜென்ட்வாரியாக, எப்படியும். இருப்பை அப்படிக் கூட்ட முடியாது. மூன்று மேகசினில் தலா 500 கேஸ் இருந்தால் மொத்தம் 1,500. ஒரே மேகசினில் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் 500 கேஸ் இருந்தால் அது 500தான். படித்தால் சிரிப்பு வரும். ஆனால் மென்பொருளுக்கு வித்தியாசம் தெரியாது, கேட்டால் கூட்டிக் கொடுத்துவிடும். விழுக்காடு இன்னும் மோசம். ஒரு பேச்சுக்கு, 1,000 ரூபாய்ச் சரக்குக்கு 50 விழுக்காடு தள்ளுபடியும் 1,00,000 ரூபாய்ச் சரக்குக்கு 10 விழுக்காடு தள்ளுபடியும் கொடுத்திருக்கிறோம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரித் தள்ளுபடி 30 விழுக்காடு என்று அறிக்கை அலறும். உண்மையில் 1,01,000 ரூபாய்ச் சரக்கில் கொடுத்தது 10,500 ரூபாய், சுமார் 10.4 விழுக்காடு. அதனால்தான் கிடங்கில் விழுக்காட்டை வைப்பதில்லை. தள்ளுபடி ரூபாயையும் பட்டியல் விலையையும் வைத்துவிட்டு, கேட்கும்போது வகுத்துக்கொள்கிறார்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் ஒரு நாளில் விளங்கிவிடும் விஷயம். உண்மையில் தலைவலி தருவது மாற்றம்.

ஜிஎஸ்டி 2017 ஜூலையில் வந்தபோது பட்டாசுக்கு 28 விழுக்காடு. அதே ஆண்டு நவம்பரில் 18 ஆனது. அந்த ஆண்டுத் தீபாவளி அக்டோபரிலேயே முடிந்திருந்தது என்பது தனிச் சோகம். தீப்பெட்டியில் கைவேலைக்கு 5, இயந்திரத்துக்கு 18 என்று இரண்டு விகிதம் இருந்து, 2020 ஏப்ரல் 1 முதல் எல்லாவற்றுக்கும் 12 என்று ஆனது. தீப்பெட்டியின் சில்லறை விலை 2007இலிருந்து ஒரு ரூபாயாகவே நின்று, 14 ஆண்டு கழித்து 2021 டிசம்பர் 1 அன்று இரண்டு ரூபாயானது. சரக்குப் பட்டியலில் ‘வரி’ என்றும் ‘விலை’ என்றும் ஒரு பத்தி வைத்து, மாறும்போதெல்லாம் பழையதை அழித்து எழுதினால் என்ன ஆகும்? 2021 நவம்பரில் விற்ற தீப்பெட்டியின் மதிப்பைப் புது விலையில் பெருக்கி, ஒரே இரவில் பழைய விற்பனை இரட்டிப்பாகிவிடும்.

இதற்குக் கிம்பால் மூன்று வழிகளை எண் போட்டு வைத்திருக்கிறார். மென்பொருள்காரர்கள் டைப் 1, டைப் 2, டைப் 3 என்பார்கள். முதலாவது அழித்து எழுதுவது. எழுத்துப்பிழையைத் திருத்த அது போதும். இரண்டாவது, பழைய வரியை இந்தத் தேதியோடு முடிகிறது என்று குறித்து மூடிவிட்டு, இந்தத் தேதியில் தொடங்குகிறது என்று புது வரி திறப்பது. பழைய பில் பழைய வரியையே காட்டிக்கொண்டிருக்கும், புது பில் புது வரியை. மூன்றாவது, ‘முந்தைய மதிப்பு’ என்று பக்கத்திலேயே ஒரு பத்தி சேர்ப்பது. நடைமுறையில் வரி, விலை, ஏஜென்டின் வட்டாரம் போன்றவற்றுக்கு இரண்டாவது வழிதான் ஒத்துவரும். எந்தப் பத்திக்கு எந்த வழி என்பதைத் திட்டமிடும்போதே எழுதிவைக்க வேண்டும். ஒருமுறை அழிந்தது அழிந்ததுதான்.

சில மாற்றங்கள் இந்த மூன்றிலும் அடங்காமல் திமிறும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புகளுக்கும் தடை விதித்து, புகையும் சத்தமும் குறைந்த பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. நாக்பூரின் நீரி ஆய்வகம் உருவாக்கிய புதுக் கலவைகளோடு பசுமைப் பட்டாசு 2019இல் வந்தது. பெட்டியில் க்யூஆர் குறியீடும் ஏறியது. இப்போது சரக்குப் பட்டியலில் சரவெடியை என்ன செய்வது? தடையான சரக்குதானே என்று வரியையே நீக்கினால் 2017 விற்பனையில் பெரிய ஓட்டை விழும். பழைய பெயரிலேயே புதுக் கலவையில் செய்யப்படும் பூச்சட்டி அதே சரக்கா, வேறு சரக்கா? விற்பனைக்காரருக்கு அது அதே பூச்சட்டி. கச்சாப்பொருள் வாங்குபவருக்கும் ஆய்வகத்துக்கும் அது முற்றிலும் வேறு. இரண்டு பேருக்கும் பதில் வேண்டும் என்றால் சரக்கு எண் இரண்டாகவும், அவற்றை ஒன்றுசேர்க்கும் குடும்பப் பெயர் ஒன்றாகவும் இருக்க வேண்டும். இதை எந்த மென்பொருளும் தானாகச் செய்யாது. போர்மேனும் விற்பனைக்காரரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசி முடிக்கவேண்டிய விஷயம்.

ஊர்களே இப்படி மாறியிருக்கின்றன. 1901 மக்கள்தொகைக் கணக்கில் சிவகாசி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1910இல் உருவான ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போனது. 1985 மார்ச் 15 அன்று அந்த மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது காமராஜர் மாவட்டம் ஆனது. 1997இல் அதன் பெயர் விருதுநகர் மாவட்டம் என்று மாறியது. 2021இல் திருத்தங்கலோடு சேர்ந்து சிவகாசி மாநகராட்சி. நூறாண்டு மக்கள்தொகையை ஒரு கோடாக வரைய விரும்பும் ஆராய்ச்சியாளர் இந்த எல்லை மாற்றங்களையெல்லாம் தேதியோடு அறிந்திருக்காவிட்டால், 2021இல் ஊருக்குள் திடீரென்று பெரும் கூட்டம் குடியேறியது என்று எழுதிவிடுவார். வியாபாரத்தில் ‘மதுரை ஏரியா’, ‘தெற்கு ஏரியா’ என்று விற்பனை வட்டாரங்களை ஆண்டுக்கு ஒருமுறை கலைத்து அடுக்கும் நிறுவனங்கள் தங்களுக்குத் தாங்களே இதே குழியை வெட்டிக்கொள்கின்றன.

விருதுநகர் மாவட்டமே ஒரு மாபெரும் தொகுப்பறிக்கையில் ஒரு வரியான கதையும் உண்டு. 2018 ஜனவரியில் பிரதமர் தொடங்கிவைத்த முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து ராமநாதபுரமும் விருதுநகரும் தேர்வாயின. மாவட்டத்துக்கு 49 குறியீடுகள், அவற்றுக்குள் 81 தரவுப் புள்ளிகள். நலவாழ்வு, ஊட்டச்சத்துக்கு 30 விழுக்காடு எடை, கல்விக்கு 30, வேளாண்மை, நீர்வளத்துக்கு 20, நிதிச் சேவையும் திறன் பயிற்சியும் சேர்ந்து 10, அடிப்படைக் கட்டமைப்புக்கு 10. இவற்றையெல்லாம் கூட்டி ஒரு மதிப்பெண். எங்கே நிற்கிறாய் என்பதை விட எவ்வளவு நகர்ந்தாய் என்பதற்குத் தனித் தரவரிசை. டெல்டா ரேங்கிங் என்று பெயர். 2018 ஜூன் முதல் அக்டோபர் வரையிலான காலத்துக்கு நிதி ஆயோக் அந்த ஆண்டு டிசம்பர் 27 அன்று வெளியிட்ட இரண்டாவது டெல்டா வரிசையில் நாட்டிலேயே முதலிடம் விருதுநகருக்கு. ஒடிசாவின் நுவாபாடா இரண்டாவது.

அறிக்கை திட்டமிடுகிற எவரும் இந்த நிகழ்ச்சியை நின்று கவனிக்க வேண்டும். மாவட்டங்கள் தங்கள் எண்களைத் தாங்களே தளத்தில் ஏற்றின; தரவரிசையும் அந்த எண்களை வைத்தே. அளக்கப்படுபவரே அளவுகோலையும் பிடித்திருக்கும் ஏற்பாடு இது. அந்த இரண்டாவது வரிசையில்தான் முதன்முறையாக வெளியார் சரிபார்ப்பு சேர்ந்தது. டாடா அறக்கட்டளைகளும் கேட்ஸ் அறக்கட்டளையின் வழியாக ஐடி இன்சைட் அமைப்பும் 2018 ஜூனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் கணக்கெடுத்து, அந்த விவரங்களை உள்ளே கொண்டுவந்தன. நிறுவனங்களில் விற்பனைப் பிரதிநிதி தன் வட்டாரத்து எண்ணைத் தானே எழுதி, அதை வைத்துத் தனக்கே ஊக்கத்தொகை கணக்கிடும் வழக்கம் உள்ள இடங்களில், லாரி புக்கிங் ரசீதையோ வசூல் வரவையோ இரண்டாவது சாட்சியாகக் கிடங்குக்குள் கொண்டுவராமல் அறிக்கை போடுவது வீண்.

இன்னொன்றும் இருக்கிறது. பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத்தொழிலும் ராஜபாளையத்து நூற்பாலைகளும் உள்ள மாவட்டம் இந்தப் பட்டியலில் ஏன் என்று அப்போது பலருக்கும் வியப்பு. மாவட்டம் என்ற ஒரே வரியில் சிவகாசியும் நரிக்குடியும் கலந்துவிடுகின்றன. மொத்தம் 11 ஒன்றியங்கள். மானம் பார்த்த பூமியான நரிக்குடி, திருச்சுழிப் பக்கத்தின் பாடு வேறு, அச்சகங்கள் நெருக்கும் சிவகாசியின் பாடு வேறு. ஒரு வரிக்கு ஒரு மாவட்டம் என்று எழுதினால் சராசரிதான் கிடைக்கும், அந்தச் சராசரியில் வாழும் ஆள் ஒருவரும் மாவட்டத்தில் இருக்கமாட்டார். 2023 ஜனவரியில் மத்திய அரசே 500 ஒன்றியங்களை எடுத்து, முன்னேற விழையும் வட்டாரங்கள் என்று அடுத்த திட்டத்தைத் தொடங்கியது. ஐந்து ஆண்டில் வரியின் அளவு மாவட்டத்திலிருந்து ஒன்றியத்துக்கு இறங்கியிருக்கிறது.

மீண்டும் ஆலைக்குள் வருவோம், ஏனென்றால் பொடியாக எழுதவேண்டிய இடம் விற்பனை மட்டும் அல்ல. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டுத் தீபாவளிக்கு 69 நாள் முன்பு. சீசன் வேலை சூடுபிடித்திருந்த நேரம். அப்படியானால் அவசர வேலைதான் எல்லாவற்றுக்கும் காரணமோ என்று உடனே தோன்றும். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் இறந்தது தீபாவளிக்கு வெகு தொலைவில் இருந்த மாதத்தில். இரண்டு தேதியை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது என்பதே உண்மை. சொல்ல வேண்டுமானால் பெரிய விபத்துகளோடு சின்னச் சின்னத் தீப்பொறிகளும், எந்த அறை, எந்த மணி, எந்தக் கலவை, அறையில் எத்தனை பேர், அன்றைய வெப்பம், ஈரப்பதம் எல்லாம் வரிவரியாகப் பல ஆண்டுக்கு இருக்க வேண்டும். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. ‘இன்று மொத்த உற்பத்தி இத்தனை கேஸ்’ என்று மட்டும் எழுதும் ஏட்டில் அந்த விதி மீறப்பட்டதா என்று பார்க்க இடமே கிடையாது. விற்பனைக்குக் காட்டும் அக்கறையில் பாதியை உற்பத்திப் பதிவுக்குக் காட்டினாலே நிறையத் தெரியவரும் என்பது என் அபிப்பிராயம்.

நடைமுறைக்கு வந்தால், தொடங்கவேண்டிய இடம் மென்பொருள் விற்பவரின் வண்ணப் படங்கள் அல்ல. முதலாளி, கணக்குப்பிள்ளை, விற்பனைக்காரர், போர்மேன் நால்வரையும் தனித்தனியே உட்காரவைத்து, ‘காலையில் வந்ததும் எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும், அந்தப் பதிலை வைத்து என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டு எழுதுவதுதான் முதல் வேலை. பதிலை வைத்து ஒன்றும் செய்யப்போவதில்லை என்றால் அந்த அறிக்கை வேண்டாம். இப்படிக் கேட்டால் பட்டாசு வியாபாரத்தில் மூன்று நடவடிக்கைகள் தெளிவாக மேலே வரும்: ஆர்டர், அனுப்புதல், வசூல். ஆர்டர் மாதக்கணக்கில் முன்னால் வரும். சரக்கு சீசனுக்கு முன் லாரியேறும். கடன் சரக்குக்கான பணம் தீபாவளி முடிந்துதான் மெல்ல வந்து சேரும். மூன்றையும் ஒரே அட்டவணையில் திணித்தால் மூன்றும் கெடும். மூன்று அட்டவணை, அவற்றுக்குப் பொதுவாக ஒரே வாடிக்கையாளர் பட்டியல், ஒரே சரக்குப் பட்டியல், ஒரே தேதிப் பட்டியல். அப்போது அதிகம் வாங்கிய ஏஜென்ட் யார் என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே, அவர் எத்தனை நாளில் பணம் தந்தார் என்ற கேள்வியையும் வைக்கலாம். இரண்டு பட்டியலிலும் முதலில் நிற்பவர் ஒரே ஆளாக இருப்பது அபூர்வம்.

பொது வாடிக்கையாளர் பட்டியல் என்று ஒரு வரியில் எழுதிவிட்டேன். செய்ய மாதங்கள் பிடிக்கும். ஒரே கடை ஆர்டர் புத்தகத்தில் ஒரு பெயரில், பில்லில் ‘ஸ்ரீ’ சேர்த்து, வங்கி வரவில் உரிமையாளர் மனைவியின் பெயரில் இருக்கும். ஜிஎஸ்டி எண் இங்கே கைகொடுக்கிறது. 15 எழுத்து கொண்ட அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து எழுத்து நிரந்தரக் கணக்கு எண். கேரளத்திலும் ஆந்திரத்திலும் கிளை வைத்திருக்கும் ஒரே வியாபாரிக்கு மூன்று ஜிஎஸ்டி எண் இருக்கும், நடுவிலுள்ள பத்து எழுத்து மாறாது. அதை வைத்துச் சேர்த்தால் பாதி வேலை முடிந்தது. பதிவு இல்லாத சில்லறை வாடிக்கையாளர்களைக் கையால்தான் சேர்க்க வேண்டும்.

இயந்திரத்துக்குப் பெரிய செலவு இல்லை. இந்த அளவு வியாபாரத்துக்குப் போஸ்ட்கிரெஸ் போன்ற இலவச மென்பொருளும் ஒரு சாதாரணக் கணினியும், வேறு கட்டடத்தில் ஒரு நகலும் போதும். இரவு ஆபீஸ் மூடியபின் அன்றைய பில்கள் கிடங்குக்குள் போகும்படி ஒரு நிரல். ஒருமுறை உள்ளே போனது திருத்தப்படாது. பில் ரத்தானால் அதை ஈடுசெய்யும் எதிர்வரி ஒன்று சேரும், பேரேட்டில் செய்வதுபோலவே.

அதன்பின் முதல் மாதக் கடைசியில் கிடங்கின் விற்பனை மொத்தத்தையும் ஜிஎஸ்டி ரிட்டர்னில் காட்டிய மொத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பொருந்தாது. வித்தியாசத்தை ரூபாய் ரூபாயாகத் தேடிப் போனால் ரத்தான பில், நனைந்து திரும்பி வந்த கேஸ், மாதிரிக்கு அனுப்பி விலை போடாமல் விட்ட சரக்கு, 31ஆம் தேதி இரவு பில்லாகி 1ஆம் தேதி காலை கிளம்பிய லாரி என்று ஒவ்வொன்றாகக் கிடைக்கும். ஒவ்வொன்றையும் எந்த மாதத்தில், எந்த வகையில் எண்ணுவது என்று கணக்குப்பிள்ளை முடிவு சொல்லி, அது ஒரு நோட்டில் ஏற வேண்டும். வித்தியாசம் சுழியாகும் வரை அறிக்கை எதையும் முதலாளி மேசைக்கு அனுப்பக்கூடாது. இதற்கு இரண்டு மூன்று மாதம் போகும். ஆர்டர் எடுக்கத் தொடங்கும் மாதத்தில் வேலையைத் தொடங்கினால் சீசனுக்கு முன் முடித்துவிடலாம்.